கொழும்பில் இரண்டு நாள்: அருங்காட்சியகம், பூங்கா, விகாரைகளை அவசரமில்லாமல் பார்க்க முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டிலிருந்து இலங்கைக்குப் போகிறவர்களின் பயணத் திட்டத்தில் கொழும்புக்கு அரை நாள்கூட ஒதுக்கியிருக்க மாட்டார்கள். கட்டுநாயக்கவில் இறங்கி, வேனில் ஏறி, நேரே கண்டி. அங்கிருந்து நுவரெலியா. திரும்பும் நாளில் காலிமுகத்திடலில் நாலு படம், கொஞ்சம் ஷாப்பிங், விமானம். "கொழும்பில் என்ன சார் இருக்கு பார்க்க?" என்று ஏஜென்டே கேட்பார்.

இருக்கிறது. ஆனால் கொழும்பு தன்னை எடுத்துக்காட்டிக்கொள்ளாத ஊர். சிகிரியாவைப் போலத் தூரத்திலிருந்தே கண்ணில் படும் பாறை எதுவும் இங்கே இல்லை. இங்கே இருப்பவை ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் இடங்கள்: அருங்காட்சியகத்தில் பார்த்த நாற்காலியின் மறுபாதிக் கதை புறக்கோட்டையில் ஒரு பழைய வீட்டில் இருக்கும், பூங்காவின் பெயரில் இருக்கும் அரசியின் பிறந்த வீடு களனியில் இருக்கும். அதனால்தான் எதை முதலில் பார்க்கிறோம் என்பது இந்த ஊரில் முக்கியம். கீழே உள்ள வரிசையும் அதை வைத்துப் போட்டதுதான். ஒரு நாளைக்கு மூன்று நான்கு இடம், அதற்கு மேல் வேண்டாம்.

முதலில் நாட்காட்டியைப் பாருங்கள்

விமானச் சீட்டு எடுப்பதற்கு முன்னால் பௌர்ணமி எந்த நாளில் வருகிறது என்று பாருங்கள். இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் 'போயா' எனப்படும் அரசு விடுமுறை. அன்றைக்கு விகாரைகள் நிரம்பி வழியும். அருங்காட்சியகம் பொது விடுமுறைகளில் மூடியிருக்கும். மதுக்கடை, இறைச்சிக்கடை திறக்காது. நிதானமாகச் சுற்ற நினைப்பவர் போயாவைத் தவிர்ப்பதே நல்லது. வெள்ளை உடுத்திக் குடும்பம் குடும்பமாக விகாரை முற்றத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் கூட்டத்தைப் பார்க்க வேண்டும் என்றால் மட்டும், இரண்டில் ஒரு நாளைப் போயாவாக வைத்துக்கொண்டு அன்றைக்குக் களனி விகாரைக்குப் போங்கள்.

மூன்று பௌர்ணமிகள் தனிக் கணக்கு. ஜனவரியில் களனியின் துருத்து பெரஹெரா, அதாவது விகாரை ஊர்வலம். பிப்ரவரியில் கங்காராமை விகாரையின் நவம் பெரஹெரா; இது 1979-ல் தொடங்கியது, யானைகளும் நடனக் குழுக்களுமாகப் பேர வாவியைச் சுற்றி வரும். மே மாதம் வெசாக். வீட்டுக்கு வீடு காகித விளக்குக் கூடுகள் தொங்கும், தெருமுனைகளில் 'தன்சல்' என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் இலவசமாகச் சாப்பாடு போடுவார்கள். கொண்டாட்டம் வேண்டும் என்பவருக்கு இவை அற்புதமான நாட்கள். மெதுநடைக்கு ஆகாது.

வானிலையைப் பொறுத்தவரை டிசம்பர் முதல் மார்ச் வரை மேல். மே முதல் தென்மேற்குப் பருவமழை. அக்டோபர், நவம்பரில் காலை வெளிச்சமாக இருந்தாலும் பிற்பகலில் இடி மழை கொட்டும். அந்த மாதங்களில் போனால் திறந்தவெளி இடங்களைக் காலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பையில் என்ன இருக்க வேண்டும்

தோளும் முழங்காலும் மூடிய வெளிர்நிற உடை. எளிதில் கழற்றி மாட்டக்கூடிய செருப்பு. ஒரு ஜோடி பழைய காலுறை: மதிய வெயிலில் விகாரையின் கல்தளம் சுடும், காலுறையோடு நடக்க யாரும் தடை சொல்வதில்லை. குடை, தண்ணீர், சில்லறை நோட்டுகள். தொப்பியும் செருப்பைப் போலத்தான், விகாரை வாசலிலேயே கழற்றிவிட வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுப்பது இங்கே அவமதிப்பு. சிலையைப் படம் எடுக்கலாம். சிலையோடு செல்ஃபி எடுக்கக் கூடாது. கையில் புத்தர் உருவத்தைப் பச்சை குத்தியிருந்த வெளிநாட்டுப் பயணி ஒருவரை 2014-ல் கைது செய்து நாட்டை விட்டே அனுப்பினார்கள். புத்தர் படம் போட்ட டி-ஷர்ட்டை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

ஊருக்குள் போய்வர ஆட்டோ போதும். மீட்டர் இல்லாத ஆட்டோவில் பேரம் பேச விருப்பமில்லை என்றால் பிக்மீ செயலியில் கூப்பிடலாம். ஓட்டுநர், கடைக்காரர், காவலர் எனக் கொழும்பில் பலருக்குத் தமிழ் வரும். "அண்ணா" என்று தொடங்கிப் பாருங்கள். சிங்களம் பேசும் மூதாட்டியை "அம்மா" என்று அழைத்தாலும் அவருக்குப் புரியும்.

முதல் நாள் காலை: தேசிய அருங்காட்சியகம்

காலை 9 மணிக்குத் திறக்கும்போதே வாசலில் இருங்கள். பத்தரைக்கு மேல் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பேருந்து பேருந்தாக வந்து இறங்குவார்கள். அவர்களைப் பார்ப்பதும் ஓர் இன்பம்தான், ஆனால் அதன்பிறகு சிலைகளைப் பார்க்க முடியாது.

இடம் கொழும்பு 7, கறுவாத்தோட்டம். டச்சுக்காரர்கள் கறுவாப்பட்டை பயிரிட்ட நிலம் இது. இன்று அமைச்சகங்களும் தூதரகங்களும் நிழல் மரங்களுமான பகுதி. புல்வெளியில் பெரிய ஆலமரம், அதற்குப் பின்னால் வெள்ளை வெளேரென்று இத்தாலியப் பாணிக் கட்டடம். ஆளுநர் வில்லியம் கிரெகரியின் காலத்தில், 1877 ஜனவரி 1-ல் திறந்தது. வரைந்தவர் பொதுப்பணித் துறைக் கட்டடக் கலைஞர் ஜேம்ஸ் ஸ்மிதர், கட்டியவர் வாப்பிச்சி மரிக்கார். "என்ன பரிசு வேண்டும்?" என்று ஆளுநர் கேட்டபோது, "வெள்ளிக்கிழமை மட்டும் மூடி வையுங்கள், போதும்" என்று மரிக்கார் சொன்னதாகக் கொழும்பு முஸ்லிம்களிடையே ஒரு கதை உண்டு.

பக்கத்துச் சாலையின் பெயர்ப்பலகையையும் பார்த்துக்கொள்ளுங்கள்: ஆனந்த குமாரசுவாமி மாவத்தை. இந்திய, இலங்கைக் கலையை உலகம் எப்படிப் பார்க்க வேண்டும் என்று எழுதிக் காட்டிய அந்த மனிதர் பிறந்ததும் இதே ஊரில், இதே 1877-ல். அப்பா சர் முத்து குமாரசுவாமி, யாழ்ப்பாணத் தமிழர்.

உள்ளே போனதும் எல்லாக் கூடத்தையும் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையை விடுங்கள். நான்கு பொருள்கள் போதும். நான்குக்கும் சேர்த்து இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, நுழைவுக் கூடத்திலேயே உட்கார்ந்திருக்கும் தொலுவில புத்தர். அனுராதபுரத்தில் கிடைத்த கருங்கல் சிலை. தியான நிலை, வலத் தோள் திறந்து இடத் தோளில் மட்டும் ஆடை. பெரும்பாலோர் சீட்டைச் சரிபார்த்துவிட்டு இவரைத் தாண்டி ஓடிவிடுவார்கள். நில்லுங்கள். ஆடையில் மடிப்புக் கோடு ஒன்றுகூட இல்லை, துணி உடம்போடு ஒட்டிப் போயிருக்கிறது. தோளில் அதன் விளிம்பு எங்கே தொடங்குகிறது என்று கண்ணால் தேட வேண்டும். கழுத்தில் மூன்று வரிகள். பிறகு பக்கவாட்டில் போய் நின்று முதுகின் நேர்க்கோட்டைப் பாருங்கள். இதற்கப்புறம் இரண்டு நாளும் பார்க்கப்போகிற புத்தர் சிலைகளுக்கெல்லாம் இதுதான் உங்கள் அளவுகோல்.

இரண்டாவது, காலி நகரத்து மும்மொழிக் கல்வெட்டு. தமிழ் வாசிப்பவர் கொழும்புக்குப் போக இந்த ஒரு கல்லே போதுமான காரணம். சுமார் 145 செ.மீ. உயரமுள்ள பலகைக் கல். மேலே இரண்டு டிராகன்கள் எதிரெதிராக. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ 1409-ஆம் ஆண்டுத் தேதியிட்டு, சீனாவிலேயே வெட்டிக் கப்பலில் கொண்டுவந்தது. சீன மொழிப் பகுதி புத்தருக்குக் காணிக்கை சொல்கிறது. பாரசீகப் பகுதி அல்லாஹ்வைப் போற்றுகிறது. தமிழ்ப் பகுதி தெனவரை நாயனாருக்கு, அதாவது இலங்கையின் தென்கோடியில் தேவேந்திரமுனையில் கோயில் கொண்டிருந்த திருமாலுக்குக் காணிக்கை சொல்கிறது. பொன் 1000, வெள்ளி 5000, பட்டு, எண்ணெய் என்று பட்டியல் நீளும். மூன்று தெய்வத்துக்கும் ஏறக்குறைய ஒரே பட்டியல். பாரபட்சம் இல்லாத வணிக மூளை! 1911-ல் காலி நகரில் பொறியாளர் ஒருவர் கண்டெடுத்தபோது இந்தக் கல் ஒரு மதகுக்கு மூடியாகக் கவிழ்ந்து கிடந்தது. பாரசீக எழுத்து மிகவும் தேய்ந்துவிட்டது. தமிழ் எழுத்தை, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி நின்று பார்த்தால், அங்கங்கே கூட்டி வாசிக்கலாம். 600 ஆண்டுகளுக்கு முன் நான்ஜிங்கில் தமிழ் எழுத்தை யார் எழுதிக் கொடுத்தார்கள், தமிழ் தெரியாத கல்தச்சன் அதை எப்படிப் பார்த்து வெட்டினான் என்று யோசித்துக்கொண்டே நிற்கலாம்.

மூன்றாவது, பொலன்னறுவைச் செப்புத் திருமேனிகள். சோழர்கள் பொலன்னறுவையைத் தலைநகராக வைத்து ஆண்ட காலமும் அதன் தொடர்ச்சியும் விட்டுச்சென்றவை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்குள்ள சிவன் கோயில்களைத் தோண்டியபோது கிடைத்தன. நடராசர் இருக்கிறார். ஆனால் நான் உங்களைச் சுந்தரர் முன்னால்தான் நிறுத்துவேன். கல்யாணக் கோலத்தில் இருக்கும் இளைஞன், அழைப்பைக் கேட்டுத் திகைத்து நிற்கும் முகம். தஞ்சைப் பகுதியில் வார்த்துக் கொண்டுவந்தவையா, பொலன்னறுவையிலேயே வார்த்தவையா என்று அறிஞர்கள் நூறு ஆண்டாகச் சண்டை போட்டிருக்கிறார்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புக் கூடம் பரிச்சயமானவர்கள் உடல்வாகு, முக அமைப்பு, அணிகலன் மூன்றையும் மனதுக்குள் ஒப்பிட்டுப் பார்த்து அவரவர் தீர்ப்பைச் சொல்லலாம்.

நான்காவது, கண்டி அரசரின் சிம்மாசனம். 1693-ல் டச்சு ஆளுநர் தாமஸ் வான் ரீ, இரண்டாம் விமலதர்மசூரியனுக்குக் கொடுத்த பரிசு. கைப்பிடிகள் சிங்கங்கள், முதுகுச் சாய்வின் உச்சியில் சூரியன். வேலைப்பாடு முழுக்க ஐரோப்பியச் சாயல். கண்டியின் கடைசி அரசர்கள் ஒரு டச்சு நாற்காலியில் உட்கார்ந்துதான் ஆண்டார்கள். 1815-ல் ஆங்கிலேயர் கண்டியைப் பிடித்ததும் இது லண்டனுக்குப் போய், வின்ட்சர் கோட்டையில் இருந்து, 1934-ல் திரும்பி வந்தது. நாற்காலி திரும்பியது, அரசர் திரும்பவில்லை. மதுரை நாயக்கர் வழி உறவினரான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை வேலூர்க் கோட்டையில் சிறை வைத்தார்கள். 1832-ல் அங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் அவரது முத்துமண்டபம் இன்றும் இருக்கிறது.

நான்கையும் பார்த்த பிறகும் தெம்பு இருந்தால் மாடியில் முகமூடிகள், நாணயங்கள், சிகிரியா ஓவிய நகல்கள். பக்கத்தில் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் இருக்கிறது. தூசி படிந்த பழைய காலக் காட்சிப் பெட்டிகள். பிள்ளைகள் கூட வந்தால் போங்கள், இல்லையென்றால் விட்டுவிடலாம்.

மதியம்: விகாரமகாதேவி பூங்கா

அருங்காட்சியகத்திலிருந்து பூங்கா நடக்கும் தூரம்தான். போகும் வழியில் நடைபாதை ஓரமாக ஓவியர்கள் தங்கள் படங்களை வேலியில் சாய்த்து வைத்து விற்பார்கள்; பெரஹெரா யானை, தேயிலை பறிக்கும் பெண் ஆகியவையே திரும்பத் திரும்ப வரும், ஆனால் நடுவில் ஒன்றிரண்டு நல்லதும் அகப்படும். சாப்பாட்டை முடித்துக்கொண்டு இரண்டு மணிவாக்கில் பூங்காவுக்குள் நுழையுங்கள்.

பிரிட்டிஷ் காலத்தில் இது விக்டோரியா பூங்கா. நிலத்தைக் கொடுத்தவர் சார்ல்ஸ் ஹென்றி டி சொய்சா என்ற கொடையாளர். இரண்டாம் உலகப் போரில் ராணுவம் பிடித்து வைத்திருந்து, 1951-ல் மறுபடி மக்களுக்குத் திறந்தது. ஒரு ராணியின் பெயரை எடுத்துவிட்டு வைத்த பெயரும் ராணியுடையதே: எல்லாளனோடு போரிட்ட துட்டகைமுனுவின் தாய் விகாரமகாதேவி. அவர் யாருடைய மகள் என்பது நாளைக்குக் களனியில் தேவைப்படும், நினைவில் வையுங்கள்.

நகர மண்டபத்தை நோக்கிப் பொன்னிறப் பெரிய புத்தர் சிலை. அதன் எதிரே வெள்ளைக் குவிமாடத்தோடு 1920-களில் கட்டிய நகர மண்டபம். படம் எடுப்பவர்கள் எல்லோரும் அங்கேதான் நிற்பார்கள். நீங்கள் உள்ளே மரங்களுக்குள் போங்கள். குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு பெஞ்சுகளில் உட்கார்ந்திருக்கும் காதலர்களைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கும். அந்தக் குடை வெயிலுக்கு அல்ல, எனவே பார்வையைத் திருப்பிக்கொள்வது மரியாதை.

இந்த நடையில் கண் வைத்துத் தேட வேண்டிய மரம் ஒன்று உண்டு. பூங்காவில் அகப்படாவிட்டால் ஏதாவதொரு விகாரை முற்றத்தில் கட்டாயம் அகப்படும்: நம்மூர்ச் சிவன் கோயில்களில் நிற்கும் நாகலிங்க மரம். அடிமரத்திலிருந்தே கிளைத்துத் தொங்கும் பூ, பீரங்கிக் குண்டு மாதிரிக் காய். நாம் அந்தப் பூவில் படமெடுத்த நாகத்தின் கீழ் லிங்கத்தைப் பார்க்கிறோம். சிங்கள பௌத்தர்கள் அதே பூவின் நடுவில் ஒரு தாதுகோபத்தையும் (ஸ்தூபியையும்), சுற்றிலும் வணங்கும் அடியார்களையும் பார்க்கிறார்கள். புத்தர் பிறந்தபோது நிழல் கொடுத்த சால மரம் இதுவே என்று விகாரைகளில் வைத்து வளர்க்கிறார்கள். உண்மையான சால மரம் வேறு. இது தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. வந்த இடத்தில் இரண்டு மதத்திலும் புனிதமாகிவிட்டது என்றால் சாமர்த்தியக்கார மரம்தான்!

நான்கு மணி வரை இங்கேயே இருக்கலாம். உட்கார்ந்து சும்மா இருப்பதும் திட்டத்தில் சேர்த்திதான்.

முதல் நாள் மாலை: கங்காராமை, பிறகு சீமா மாலகை

பூங்காவிலிருந்து கங்காராமைக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். வெயில் தாழ்ந்திருந்தால் நடங்கள்.

கங்காராமையைப் பற்றி இரண்டு கட்சி உண்டு. "இது விகாரையா, பழைய சாமான் கடையா?" என்பது ஒன்று. "இப்படி ஒரு இடத்தை உலகத்தில் எங்கும் பார்த்ததில்லை" என்பது இன்னொன்று. இரண்டுமே சரி. பக்தர்கள் கொடுத்ததை எல்லாம் வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கி வைத்திருக்கிறார்கள்: தாய்லாந்து, பர்மா, சீனா, ஜப்பான் புத்தர்கள், யானைத் தந்தங்கள், பீங்கான், கைக்கடிகாரங்கள், மூக்குக் கண்ணாடிகள், முற்றத்தில் பழைய கார்கள்கூட. பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டிய குட்டிப் புத்தர் ஒருவர் இருக்கிறார். காலையில் தொலுவில புத்தரிடம் பழகிய கண்ணுக்கு இந்தக் கூட்டம் முதலில் மூச்சுமுட்டும். ஒரே வழி, அலமாரி ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதை மட்டும் பாருங்கள். கைக்கடிகாரங்கள் இருக்கும் அலமாரியைச் சொல்வேன். ஒவ்வொன்றும் யாரோ கையிலிருந்து கழற்றிக் கொடுத்தது.

பிறகு போதி மரத்தடிக்கு வாருங்கள். கல் மேடை, சுற்றிலும் கொடி, எண்ணெய் விளக்குகள். மக்கள் குடத்தில் தண்ணீர் எடுத்து மரத்தை வலம் வந்து வேருக்கு ஊற்றுவார்கள். நீங்களும் ஊற்றலாம், யாரும் நீ யார் என்று கேட்பதில்லை.

இந்த விகாரையை 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கியவர் ஹிக்கடுவே ஸ்ரீ சுமங்கல நாயக்க தேரர். தமிழ்ப் பௌத்த வரலாறு படித்தவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். அடையாற்றிலிருந்த பிரம்மஞான சபைத் தலைவர் கர்னல் ஆல்காட்டோடு 1898-ல் அயோத்திதாசப் பண்டிதர் கொழும்புக்கு வந்து, பஞ்சசீலம் ஏற்றது இந்தச் சுமங்கலரிடம்தான். திரும்பிப் போய்ச் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். சுமங்கலர் தலைமை வகித்த வித்யோதய பிரிவெனா (பிக்குகளின் கல்லூரி) மருதானைக்கு அருகே மாளிகாகந்தையில் இருக்கிறது. இந்த வரலாற்றில் ஈடுபாடு உள்ளவர்கள் இரண்டாம் நாள் பிற்பகலை அங்கே செலவிடலாம்.

கங்காராமையில் வாங்கிய சீட்டைக் கசக்கிப் போட்டுவிடாதீர்கள். சீமா மாலகைக்கும் அதுதான். ஐந்து மணிக்கு மேல் அங்கே போங்கள். நாலு நிமிட நடை.

பேர வாவியின் மேல், தண்ணீருக்குள் நிற்கும் மூன்று மேடைகள், நடுவே இணைக்கும் சிறு பாலங்கள். 19-ஆம் நூற்றாண்டில் இங்கே இருந்த பழைய கட்டடம் மெல்ல மெல்ல நீரில் அமிழ்ந்துபோனது. 1970-களில் கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா புதிதாக வடிவமைத்தார். பணம் கொடுத்தது மூசாஜி என்ற முஸ்லிம் வணிகக் குடும்பம், இறந்துபோன மகனின் நினைவாக. நடு மேடையில் நீல ஓட்டுக் கூரை. மரச் சட்டங்களின் இடைவெளி வழியாகக் காற்றும் வாவியின் வெளிச்சமும் உள்ளே வரும். அனுராதபுரம், ரிட்டிகலைப் பகுதியின் காட்டு மடங்களின் அமைப்பை மனதில் வைத்துப் பாவா வரைந்தது இது. மேடைகளின் விளிம்பில் வெண்கலப் புத்தர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருவருடைய கை முத்திரையும் வேறு. போதி மரக் கன்று நிற்கும் மேடையின் நான்கு மூலையில் சிவன், திருமால், பிள்ளையார், கதிர்காமக் கந்தன்.

சொல்லிவிட வேண்டும்: வாவியின் தண்ணீர் பச்சை, சில நாள் நாற்றமும் அடிக்கும். சுற்றிலும் கண்ணாடிக் கோபுரங்கள் முளைத்துவிட்டன. அவற்றுக்கு நடுவே இவ்வளவு தாழ்வாக, இவ்வளவு சின்னதாக ஒரு கட்டடத்தைப் போட்டதில்தான் பாவாவின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. காலையில் பார்த்த கல் புத்தரின் ஆடையில் மடிப்பு இல்லை அல்லவா, அந்த அடக்கம் இங்கேயும் தெரியும்.

இரண்டாம் நாள் காலை: களனி

களனி ராஜமகா விகாரை நகர மையத்திலிருந்து சுமார் 10 கி.மீ. புறக்கோட்டையிலிருந்து பேருந்து உண்டு. ஆட்டோவில் போனால் காலை ஏழு மணிக்கே கிளம்பிவிடுங்கள், எட்டு மணிக்கு மேல் நெரிசலில் மாட்டிக்கொள்வீர்கள். நுழைவுச் சீட்டு கிடையாது, உண்டியல் உண்டு.

வாசலில் பூக்கடைகள். தாமரை, நீல அல்லி வாங்குங்கள். கடைக்காரரே தாமரை இதழ்களை ஒவ்வொன்றாக உள்பக்கம் மடித்து, பூவை விரித்துத் தருவார். அவர் விரல் போகும் வேகத்தைப் பாருங்கள். பூவை முகர்ந்து பார்க்கக் கூடாது, முகர்ந்தது காணிக்கைக்கு ஆகாது. குழாயில் பூக்களை நனைத்துத் தாதுகோபத்துக்கு முன்னுள்ள மலர் மேடையில் நீங்களே வைக்க வேண்டும். நம் கோயில் பழக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இங்கேதான் கை கொஞ்சம் தடுமாறும்: அர்ச்சகர் இல்லை, நட்சத்திரம் கேட்பவர் இல்லை, பிரசாதமும் இல்லை. வைத்துவிட்டுக் கும்பிட்டு நகர்ந்தால் போதும். பிக்குவைச் சந்தித்தால் கைகூப்புங்கள். பெண்கள் அவர் கையில் நேராக எதையும் கொடுக்கக் கூடாது, மேசையில் வைத்தால் எடுத்துக்கொள்வார். மதியத்துக்கு மேல் பிக்குகள் சாப்பிடுவதில்லை, எனவே பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை அவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

வெள்ளைத் தாதுகோபம் நெற்குவியல் வடிவம். இலங்கைத் தாதுகோப வகைகளில் இது ஒன்று. புத்தர் மூன்றாம் முறை இலங்கைக்கு வந்தபோது, நாக மன்னன் மணிஅக்கிகனின் அழைப்பில் களனிக்கு வந்தார் என்கிறது மகாவம்சம். அதற்கு முந்தைய வருகையில் மணி ஆசனம் ஒன்றுக்காகச் சண்டையிட்ட இரண்டு நாக அரசர்களைச் சமாதானம் செய்தார் என்றும் சொல்கிறது. மணிமேகலை படித்தவருக்கு மணிபல்லவத்துப் புத்த பீடிகை நினைவுக்கு வரும். அங்கேயும் அதே இரண்டு நாக அரசர்கள், அதே ஆசனம், அதே சண்டை.

களனியின் அரசன் திஸ்ஸன், குற்றமற்ற தேரர் ஒருவரைக் கொதிக்கும் எண்ணெய்க் கொப்பரையில் போட்டுக் கொன்றான். கடல் பொங்கி ஊருக்குள் வந்தது. அதைத் தணிக்க மகளைப் படகில் ஏற்றிக் கடலில் விட்டான். படகு தெற்கே கரை ஒதுங்கியது. அந்த மகள்தான் நேற்றுப் பூங்காவின் பெயரில் பார்த்த விகாரமகாதேவி.

இப்போது சிலைமனைக்குள். உள்ளே போகும் முன் வெளிச்சுவரின் அடிப்பகுதியை ஒரு சுற்றுப் பாருங்கள்: யானை வரிசை, அன்ன வரிசை, தொந்தி தள்ளிய குள்ள பூதங்கள். போர்த்துக்கீசியர் 16-ஆம் நூற்றாண்டில் இடித்த விகாரை இது. 18-ஆம் நூற்றாண்டில் மறுபடி எழுந்தது. 20-ஆம் நூற்றாண்டில் ஹெலனா விஜேவர்தன அம்மையாரின் கொடையில் புதுப்பகுதி சேர்ந்தது. பழைய பகுதியில் கண்டிப் பாணி ஓவியங்கள்: செந்நிறப் பின்புலம், தட்டையான உருவங்கள், கதை பட்டைபட்டையாக நகரும். புதுப்பகுதியில் 1930-கள், 40-களில் சோலியஸ் மெண்டிஸ் தீட்டியவை. கலிங்கத்து இளவரசி ஹேமமாலை புத்தரின் புனிதப் பல்லைத் தன் கூந்தலுக்குள் ஒளித்துக் கொண்டுவரும் ஓவியத்தைத் தேடுங்கள். பக்கத்தில் கணவன் தந்தன். அவள் தலை லேசாகச் சாய்ந்திருப்பதையும் கை போகும் வளைவையும் பார்த்துவிட்டு உடனே பழைய பகுதிக்கு ஒரு நடை போய்வாருங்கள். அங்கே முகங்கள் எல்லாம் ஒரே முகம். இங்கே ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு மனநிலை. இந்தப் போக்கும் வரத்தும் இல்லாமல் களனி ஓவியங்கள் முழுசாகப் பிடிபடாது.

வளாகத்திலேயே விபீஷணனுக்குத் தேவாலயம் உண்டு. ஆமாம், நம் விபீஷணன்தான். இங்கே அவர் ஊரைக் காக்கும் தெய்வம். இங்கே பழத்தட்டு வாங்கிக் கொடுத்தால் கபுறாளை எனப்படும் பூசகர் பூசை செய்து ஒரு பங்கைத் திருப்பித் தருவார். அர்ச்சனை செய்யாமல் கை குறுகுறுத்தவர்களுக்கு அந்தக் குறையும் தீர்ந்துவிடும்.

இரண்டாம் நாள் பிற்பகல்: இரண்டில் ஒன்று

புறக்கோட்டைக்குத் திரும்பினால் பிரின்ஸ் வீதியில் டச்சு அருங்காட்சியகம். 17-ஆம் நூற்றாண்டுக் கட்டடம், நடு முற்றம், கனத்த மரச் சாமான்கள். பொருள்களைவிடக் கட்டடமே முக்கியம், ஏனென்றால் நேற்றுப் பார்த்த சிம்மாசனத்தைக் கொடுத்த ஆளுநர் தாமஸ் வான் ரீ குடியிருந்த வீடு இதுதான். அவ்வப்போது பழுதுபார்ப்புக்காக மூடிவிடுகிறார்கள்; தங்குமிடத்திலிருந்து போன் போட்டு விசாரித்துவிட்டுப் போங்கள். வெளியே வந்தால் புறக்கோட்டைச் சந்தையின் இரைச்சல், மூட்டை தூக்குபவர்கள் "ஓரம், ஓரம்" என்று கத்திக்கொண்டு வருவார்கள். மெதுநடைக்காரர்களுக்கு இது சோதனை.

கூட்டம் வேண்டாம் என்றால் ஹெவ்லொக் டவுன் இசிபதனாராமை. வெளியூர்க்காரர்கள் அதிகம் வராத விகாரை. 1915 சிங்கள-முஸ்லிம் கலவரத்தின்போது ஆங்கிலேயர் ராணுவச் சட்டம் போட்டு, எட்வர்ட் ஹென்றி பேதிரிஸ் என்ற 26 வயது இளைஞரை ஜூலை 7-ல் சுட்டுக் கொன்றார்கள். அவர் குற்றமற்றவர் என்பதே பின்னால் நிலைத்த தீர்ப்பு. மகனின் நினைவாகத் தந்தை கட்டியது இந்த விகாரை. அதே 1915-ல், கைதான சிங்களத் தலைவர்களுக்காகக் கப்பலேறி லண்டன் வரை போய் வாதாடியவர் தமிழ்த் தலைவர் சர் பொன்னம்பலம் இராமநாதன். திரும்பி வந்தவரை வண்டியில் ஏற்றி, குதிரைகளை அவிழ்த்துவிட்டுச் சிங்களத் தலைவர்களே இழுத்துச் சென்றார்கள். பிற்காலம் தெரிந்த நமக்கு, இந்த முற்றத்தில் உட்கார்ந்து அதை நினைப்பது அவ்வளவு எளிதாக இருக்காது.

வயதானவர்கள் கூட வந்தால் இசிபதனாராமை, கட்டட ஆர்வலர் என்றால் டச்சு அருங்காட்சியகம். இரண்டையும் ஒரே பிற்பகலில் அடைக்கப் பார்க்காதீர்கள்.

சாப்பாடும் திரும்பும் வழியும்

மதியத்துக்கு எங்கே நுழைந்தாலும் சோறும் கறியும் கிடைக்கும். மரக்கறி மட்டும் என்று சொன்னாலும் பருப்பில் மாசிக்கருவாடு போட்டிருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள், சைவக்காரர்கள் கவனிக்க வேண்டியது இது. இடையில் செவ்விளநீர், ஒரு பிளேன் டீ. இரவுக்கு வெள்ளவத்தை: காலி வீதியின் இரு பக்கமும் தமிழ்ப் பெயர்ப்பலகைகள், இடியப்பம், சொதி, தோசை.

இரண்டாம் நாள் மாலை கோட்டை ரயில் நிலையத்திலிருந்து வெள்ளவத்தைக்குக் கரையோர ரயிலில் போங்கள். தண்டவாளம் கடலை ஒட்டியே போகும். தெற்கே போகும்போது வலப்பக்க ஜன்னல் கடல் பக்கம். அலுவலகம் விடும் நேரத்தில், நாலரை முதல் ஆறு வரை, ஜன்னல் இருக்கட்டும், படிக்கட்டில்கூட இடம் கிடைக்காது. மூன்றரை மணி வண்டியைப் பிடியுங்கள், அல்லது ஏழு மணி வரை காலிமுகத்திடலில் இறால் வடை சாப்பிட்டுவிட்டு ஆட்டோவில் போய்விடுங்கள்.